புதிய சேர்மம் வைரஸைத் தடுக்குமா, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுமா? ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்

2020 பிப்ரவரி தொடக்கத்தில் வூஹான் வைரஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சிறிய ஆய்வுக் கடிதத்தை வெளியிட்டார்கள். புதிய கொரோனா வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து, ஏற்கெனவே இருந்த சில மருந்துகளை அதனுடன் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அதில் இரண்டு மருந்துகள் நன்றாக வேலை செய்தன. ரெம்டெசிவிருக்குக் கிடைத்த எண் 0.77 மைக்ரோமோலார் (இது செறிவை அளக்கும் அலகு, எண்ணின் பொருளைப் பின்னால் பார்ப்போம்). மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயினுக்கு 1.13 மைக்ரோமோலார். அடுத்த சில வாரங்களில் குளோரோகுயினும் அதன் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டன. மார்ச் மாதக் கடைசியில் இந்தியா ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது.

அந்த எண்கள் தவறானவை இல்லை. சோதனையும் முறையாகத்தான் நடந்தது. ஆனால் அந்தச் சோதனை கேட்ட கேள்வி மிகச் சிறியது, அதை மக்கள் புரிந்துகொண்டது மிகப் பெரிதாக. 'ஆய்வகத்தில் வைரஸைக் கொன்ற மருந்து' என்று மாதத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. அந்த வரிக்குப் பின்னால் ஆய்வகத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால், எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நாமே ஓரளவு முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு செல் வேண்டும்

பாக்டீரியாவைச் சோதிப்பது எளிது. சத்துள்ள ஜெல்லியில் தூவினால் தானாக வளரும், அதன் மேல் மருந்து வைத்துப் பார்க்கலாம். வைரஸ் அப்படி வளராது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் இயந்திரங்களைப் பயன்படுத்தித்தான் அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும். அதனால் வைரஸைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் செல்களை வளர்க்க வேண்டும்.

இது பெரிய தடையாகவே இருந்தது. போலியோ வைரஸ் நரம்புத் திசுவில் மட்டும்தான் வளரும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1949இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகிய மூவரும் நரம்பு அல்லாத திசுவிலும் அதை வளர்த்துக் காட்டினார்கள். 1954இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. போலியோ தடுப்பூசிக்கு வழி திறந்தது அங்கேதான். வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைத் தட்டில் வைத்துச் சோதிக்கலாம் என்ற நிலையும் அதன் தொடர்ச்சியாகத்தான் வந்தது.

இன்று பெரும்பாலான வைரஸ்களுக்குப் பழக்கமான செல் வகைகள் இருக்கின்றன. இன்ஃப்ளூயன்சாவுக்கு நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்கள். பல வைரஸ்களுக்கு 'வீரோ' செல்கள். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கிய வகை இது. வீரோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

தொண்ணூற்றாறு குழிகள்

இந்தத் துறையின் அன்றாடக் கருவி உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பிளேட். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் செல்களை ஒரு மெல்லிய படலமாக வளர்க்கிறார்கள். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் பிளேட் இருக்கும். செல்கள் தரையைப் பிடித்துப் பரவியதும் வைரஸைச் சேர்ப்பார்கள்.

சோதிக்க வேண்டிய சேர்மத்தை ஒரே அளவில் போடுவதில்லை. முதல் குழியில் அதிக அளவு, அடுத்ததில் அதில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு என்று படிப்படியாக நீர்க்க வைத்துப் போடுவார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் காத்திருப்பு. வைரஸ் பெருகினால் செல்கள் உருண்டு, தரையை விட்டுக் கழன்று, சாகும். இதை மைக்ரோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். சேர்மம் வேலை செய்திருந்தால் செல் படலம் அப்படியே இருக்கும்.

கண்ணால் பார்ப்பதை எண்ணாக மாற்ற ஒரு சாயம் உதவுகிறது. எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறப் பொருளைக் குழிகளில் விட்டால், உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். செத்த செல்களால் அது முடியாது. படிகங்களைக் கரைத்து, எந்தக் குழியில் எவ்வளவு ஊதா இருக்கிறது என்று கருவியில் அளந்தால், எவ்வளவு செல்கள் பிழைத்தன என்று தெரிந்துவிடும். 1983இல் வெளிவந்த இந்த முறை இன்றும் எண்ணற்ற ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது.

அந்த ஊதா அளவுகளை வரைபடமாகப் போட்டால் ஒரு வளைகோடு வரும். வைரஸின் சேதத்தைச் சரிபாதியாகக் குறைக்க எவ்வளவு சேர்மம் தேவைப்பட்டது என்று அதிலிருந்து படிக்கலாம். அதற்கு ஈ.சி.50 என்று பெயர். எண் சிறிதாக இருந்தால் சேர்மம் வீரியமானது என்று பொருள். வூஹானிலிருந்து வந்த 0.77, 1.13 ஆகியவை இந்த எண்கள்தான். அவர்கள் செல் பிழைத்ததைப் பார்க்காமல் வைரஸின் மரபுப் பொருள் எவ்வளவு என்று அளந்தார்கள். கணக்கு ஒன்றுதான்.

வைரஸ் மட்டும் சாக வேண்டும்

இந்த இடத்தில்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். வைரஸைக் கொல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. ப்ளீச்சிங் தூள் கொல்லும், சோப்பு கொல்லும், ஆல்கஹால் கொல்லும். வைரஸ் செல்லை நம்பி வாழ்வதால், செல்லுக்குக் கெடுதல் செய்யும் எந்தப் பொருளும் வைரஸின் பெருக்கத்தையும் குறைத்துவிடும். களைக்கொல்லி அடித்த வயலில் களை செத்துவிட்டது என்று சொன்னால் மட்டும் போதாது, பயிர் நிற்கிறதா என்றும் சொல்ல வேண்டும்.

அதனால் ஒவ்வொரு சேர்மத்துக்கும் இன்னொரு பிளேட் கட்டாயம். அதில் வைரஸ் இருக்காது. செல்களும் சேர்மமும் மட்டும். செல்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு சேர்மம் தேவை என்று பார்ப்பார்கள். அது சி.சி.50. இந்த எண்ணை ஈ.சி.50ஆல் வகுத்தால் கிடைப்பது செலக்டிவிட்டி இண்டெக்ஸ். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் சேர்மத்தின் ஈ.சி.50 இரண்டு, சி.சி.50 நான்கு. இன்டெக்ஸ் 2. இரண்டாவது சேர்மத்தின் ஈ.சி.50 ஐந்து, சி.சி.50 ஐந்நூறு. இன்டெக்ஸ் 100. வீரியத்தை மட்டும் பார்த்தால் முதல் சேர்மம் சிறந்ததாகத் தெரியும். ஆனால் அது வைரஸைத் தடுக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடமே இல்லை. இரண்டாவதைத்தான் மேலே எடுத்துச் செல்வார்கள். பொதுவாக இன்டெக்ஸ் 10க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

மிக நல்ல இடைவெளி எப்படி வருகிறது என்பதற்கு அசைக்ளோவிர் அருமையான உதாரணம். அக்கி, உதட்டோரக் கொப்புளம் ஆகியவற்றை உண்டாக்கும் ஹெர்பீஸ் குடும்ப வைரஸ்களுக்கான மருந்து அது. மாத்திரையில் இருக்கும் வடிவத்தில் அது செயலற்ற பொருள். ஹெர்பீஸ் வைரஸ் தன்னுடன் கொண்டுவரும் ஒரு நொதிதான் அதைச் செயல்பட வைக்கிறது. வைரஸ் நுழையாத செல்லில் அந்த நொதி இல்லை, ஆகவே அங்கே மருந்து ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் தன் கையாலேயே தன் எதிரியைத் தயார் செய்கிறது. இந்த வழியில் யோசித்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கட்டுப்பாட்டுக் குழிகள்

பிளேட்டில் எல்லாக் குழிகளிலும் புதிய சேர்மம் இருக்காது. சிலவற்றில் செல் மட்டும். சிலவற்றில் செல்லும் வைரஸும், மருந்து இல்லாமல். சிலவற்றில் ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த மருந்து. இன்னும் சிலவற்றில் கரைப்பான் மட்டும். பெரும்பாலான புதிய சேர்மங்கள் தண்ணீரில் கரையாது, டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைத்துத்தான் விடுவார்கள். அந்தத் திரவமே அளவு மீறினால் செல்லைக் கொல்லும். ஒரு ஆய்வில் கரைப்பானுக்கான குழி இல்லையென்றால் அதன் முடிவுகளை அப்படியே ஏற்க முடியாது.

சேர்மத்தின் நிறமும் தொல்லை தரும். மஞ்சளிலுள்ள குர்குமின் போன்ற பொருள்கள் தாமே நிறமுள்ளவை, ஒளிரவும் செய்யும். தாவரச் சாறுகளில் இருக்கும் சில பொருள்கள், செல்லே இல்லாவிட்டாலும் எம்.டி.டி.யை ஊதாவாக மாற்றிவிடும். கருவிக்கு அது தெரியாது, 'எல்லாச் செல்களும் நலம்' என்று எண் கொடுத்துவிடும்.

அதனால் முதல் சோதனையில் தேறிய சேர்மத்தை வேறு முறையிலும் சோதிப்பார்கள். 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ விலங்கு வைரஸ்களுக்குக் கொண்டுவந்த பிளேக் முறை இதற்கு இன்னும் நம்பகமானது. செல் படலத்தின் மேல் கூழ் போன்ற ஒரு அடுக்கை ஊற்றினால் வைரஸ் தூரமாகப் பரவ முடியாது, தான் இறங்கிய இடத்தைச் சுற்றியுள்ள செல்களை மட்டும் கொல்லும். பிறகு ஊதாச் சாயம் விட்டால், செல் இருக்கும் இடமெல்லாம் நிறமாகவும், செத்த இடங்கள் வெற்று வட்டங்களாகவும் தெரியும். அந்த வட்டங்களை எண்ணினால் உயிருள்ள வைரஸ் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு கிடைக்கும்.

சரி, தடுக்கிறது என்று உறுதியாகிவிட்டது. எந்தக் கட்டத்தில் தடுக்கிறது? அதைக் கண்டுபிடிக்கச் சேர்மத்தை வெவ்வேறு நேரங்களில் சேர்ப்பார்கள். வைரஸுக்கு முன்பே சேர்த்தால்தான் பலன் என்றால் அது நுழைவாசலைத் தடுக்கிறது. வைரஸ் உள்ளே போய்ச் சில மணி நேரம் கழித்துச் சேர்த்தாலும் பலன் இருந்தால், உள்ளே நடக்கும் நகலெடுப்பைத் தடுக்கிறது. செல் இல்லாமல் வைரஸோடு மட்டும் கலந்து வைத்தாலே வைரஸ் செயலிழக்கிறது என்றால், தரையைத் துடைக்கும் கிருமிநாசினி போன்ற பொருளாக அது இருக்கலாம்.

எந்தச் செல்லில் கேட்டீர்கள்?

இப்போது வூஹான் எண்களுக்குத் திரும்பலாம். அந்தச் சோதனையில் குளோரோகுயினின் செலக்டிவிட்டி இண்டெக்ஸ் 88க்கு மேல். 10 இருந்தாலே நல்லது என்று பார்த்தோம். அப்படியிருக்க எங்கே இடறியது?

சோதனை நடந்தது வீரோ செல்களில். அந்தக் குரங்குச் சிறுநீரகச் செல்லுக்குள் கொரோனா வைரஸ் நுழையும்போது, செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. அந்தப் பையின் உட்புறம் அமிலமானதும் அங்குள்ள நொதி வைரஸின் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதத்தை வெட்டித் திறந்துவிடும். குளோரோகுயின் அந்த அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. கதவு திறக்காது, வைரஸ் சிக்கிக்கொள்கிறது. வீரோ செல்லைப் பொறுத்தவரை இது நூற்றுக்கு நூறு உண்மை.

மனித நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் வேறொரு நொதி இருக்கிறது. அது வைரஸின் முள்ளை வாசலிலேயே வெட்டிவிடும். அமிலப் பை வழியாகப் போக வேண்டிய தேவையே இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள விஞ்ஞானிகள் அதே குளோரோகுயினை மனித நுரையீரல் செல் வகை ஒன்றில் சோதித்தபோது அது வைரஸைத் தடுக்கவில்லை. 2020 ஜூலையில் அது வெளியானது. அதற்குள் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனையும் முடிவைச் சொல்லியிருந்தது. இறுதிக் கணக்கின்படி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27.0 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25.0 சதவீதம். பலன் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஏ.இசட்.டி. என்ற சேர்மத்தை 1964இல் ஜெரோம் ஹோர்விட்ஸ் புற்றுநோய்க்காகத் தயாரித்தார். அதில் அது தோற்றது, ஓரமாகக் கிடந்தது. 1985இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாக்கி மிட்சுயாவும் சாமுவேல் பிரோடரும் அதை எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மனித டி செல்கள், அதாவது எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த ஒரு வகை வெள்ளையணுக்கள். எச்.ஐ.வி. உண்மையில் தாக்கி அழிப்பது அந்த வகைச் செல்களைத்தான். வைரஸ் இருந்தும் அந்தச் செல்கள் பிழைத்தன. 1987 மார்ச்சில் ஏ.இசட்.டி. அங்கீகாரம் பெற்று எச்.ஐ.வி.க்கான முதல் மருந்து ஆனது.

செல் மட்டுமல்ல, அளவும் சரியாக இருக்க வேண்டும். 2020இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்த சோதனையில் 5 மைக்ரோமோலார் ஐவர்மெக்டின், 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸின் மரபுப் பொருளை ஏறத்தாழ 5,000 மடங்கு குறைத்தது. படித்த உடனே யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் வழக்கமான அளவில் மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் எட்டும் செறிவு அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. பிளேட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், உடம்பில் முடியாது.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறதா என்பது வேறு கேள்வி

இதுவரை பார்த்ததெல்லாம் வைரஸை நேரடியாகத் தடுக்கும் சேர்மங்கள். சில சேர்மங்கள் வைரஸைத் தொடவே தொடாது. உடலின் காவல் படையை எழுப்பிவிடும். இவற்றை மேலே சொன்ன பிளேட்டில் போட்டால் என்ன ஆகும்?

1980களில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தின் மருந்துப் பிரிவில் ஹெர்பீஸுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பிறந்த இமிகுவிமாட் என்ற சேர்மம் செல் வளர்ப்பில் வைரஸை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் ஹெர்பீஸ் தொற்றிய கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவை காப்பாற்றப்பட்டன. செல் தட்டோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சேர்மம் குப்பைக்குப் போயிருக்கும். 1997இல் பிறப்புறுப்பு மருக்களுக்கான களிம்பாக அங்கீகாரம் பெற்றது. அது எதைப் பிடித்து இயக்குகிறது என்பது 2002இல்தான் தெரிந்தது. நம் எதிர்ப்புச் செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற உணர்வி இருக்கிறது. வைரஸ் வந்துவிட்டது என்று இமிகுவிமாட் அந்த உணர்வியை நம்ப வைக்கிறது.

வீரோ செல்லில் இப்படிப்பட்ட சேர்மத்தைச் சோதிப்பதில் பயனே இல்லை. வைரஸ் வந்தால் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியிடும். வீரோ செல்லில் அதற்கான மரபணுக்கள் தொலைந்துவிட்டன. வைரஸ்கள் அதில் அவ்வளவு செழிப்பாக வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்டர்ஃபெரானைத் தூண்டும் சேர்மத்துக்கு அங்கே தூண்டுவதற்கு எதுவும் இல்லை.

அப்படியானால் எப்படி அளப்பது? 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் செய்த சோதனையின் வடிவம் இன்றும் பயன்படுகிறது. அவர்கள் சூட்டால் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக்கரு சவ்வுத் துண்டுகளோடு வைத்தார்கள். பிறகு அந்தச் சவ்வு இருந்த திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். அந்தப் புதிய சவ்வில் உயிருள்ள வைரஸும் வளரவில்லை. திரவத்துக்குள் வந்திருந்த அந்தப் பொருளுக்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய ஆய்வகத்திலும் அப்படியே: சேர்மத்தை எதிர்ப்புச் செல்களுக்குக் கொடுத்து, அவை வெளியிட்ட திரவத்தை வேறு செல்களுக்கு மாற்றி, மாட்டு வைரஸ் ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். திரவத்தை எத்தனை மடங்கு நீர்க்க வைத்த பிறகும் அந்தச் செல்கள் பிழைக்கின்றன என்பதே அளவு.

எதிர்ப்புச் செல்கள் தன்னார்வலர்களின் இரத்தத்திலிருந்து வரும். அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் இரத்தத்தை விட்டு வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும், வெள்ளையணுக்களில் தேவையானவை நடுவில் ஒரு மெல்லிய வளையமாக நிற்கும். அவற்றைச் சேர்மத்தோடு வளர்த்து, எவ்வளவு பெருகுகின்றன, எந்தெந்த சைட்டோகைன்களை (எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களை) வெளியிடுகின்றன, இயற்கைக் கொலைச் செல்கள் புற்றுச் செல்களைக் கொல்லும் வேகம் கூடுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் இரத்தம் மாறுபடும், அதனால் ஒருவரின் இரத்தத்தில் கிடைத்த முடிவை வைத்துப் பேச முடியாது.

இங்கேயும் ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. சில வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின். நம் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத துளி அளவிலும் கண்டுகொண்டு கொதித்தெழும். சேர்மம் தயாரித்த பாத்திரத்தில், தண்ணீரில், தாவரச் சாற்றில் எங்கேயாவது அது கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், 'எங்கள் சேர்மம் எதிர்ப்புச் சக்தியைப் பிரமாதமாகத் தூண்டுகிறது' என்று முடிவு வந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளை வைத்து அதைத் தேடுவார்கள். எண்டோடாக்சின் இருந்தால் அந்தப் பொருள் உறைந்துவிடும். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்தும் பார்ப்பார்கள். அதைச் சேர்த்ததும் 'தூண்டல்' காணாமல் போனால், தூண்டியது சேர்மம் இல்லை. மூலிகைச் சாறுகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தச் சோதனை செய்திருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

எலியும் மனிதரும்

செல்லில் தேறியது எலிக்குப் போகும். எலியில் தேறியது எல்லாம் மனிதரில் தேறாது. 1970இல் அமெரிக்காவில் டிலோரோன் என்ற சேர்மத்தைப் பற்றிய அறிவிப்பு வந்தது. வாய் வழியாகக் கொடுத்தாலே எலிகளின் இரத்தத்தில் இன்டர்ஃபெரான் ஏறியது, பல வைரஸ்களிலிருந்து அவை தப்பின. மாத்திரை விழுங்கினால் இன்டர்ஃபெரான் என்பது அந்தக் காலத்தில் பெரிய கனவு. மனிதர்களிடம் நடந்த தொடக்கச் சோதனைகளில் அந்த ஏற்றம் வரவில்லை, நீண்ட நாள் எடுத்தவர்களின் கண்களில் படிவுகளும் காணப்பட்டன. அமெரிக்காவில் அது மருந்தாகவில்லை. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் அமிக்சின் என்ற பெயரில் விற்பனையில் இருக்கிறது.

தூண்டல் குறைவது ஏமாற்றம். அதிகமாவது ஆபத்து. 2006 மார்ச் 13 அன்று லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை முதன்முதலாக ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, சில நிமிட இடைவெளிகளில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். அது சிறு சேர்மம் இல்லை, டி செல்களைத் தூண்டும் ஆன்டிபாடி. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல், அதாவது அந்தச் சமிக்ஞைப் புரதங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நிலை, தொடங்கியது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார்.

முன்கூட்டியே நடந்த சோதனைகள் ஏன் எச்சரிக்கவில்லை? அந்த மருந்து பிடிக்கும் கொக்கி, அந்தக் குரங்குகளின் ஒரு முக்கிய வகை டி செல்லில் இல்லை. மனிதரில் இருக்கிறது. இரத்தச் செல்களோடு மருந்தைத் திரவமாகக் கலந்து பார்த்தபோதும் செல்கள் அமைதியாகவே இருந்திருக்கின்றன. பிளேட்டின் அடியில் மருந்தை ஒட்ட வைத்த பிறகு பார்த்தால் அதே செல்கள் கொந்தளித்தன.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. எதிர்ப்புச் சக்தியைத் தொடும் மருந்துகளுக்கு, விலங்குக்குத் தீங்கு செய்யாத அளவை மட்டும் வைத்துத் தொடக்க அளவைக் கணக்கிடாமல், மனிதச் செல்லில் மிகச் சிறிய விளைவைக் காட்டும் அளவிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். முதல் தன்னார்வலருக்குக் கொடுத்துவிட்டுப் போதிய நேரம் காத்திருந்த பிறகே அடுத்தவருக்கு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் தாமஸ் ஹூனிக்கின் குழு இன்னொன்றைக் கண்டது: இரத்தச் செல்களை, உடலின் திசுக்களில் இருப்பதுபோல், இரண்டு நாள் நெருக்கமாக வளர்த்துவிட்டு அந்த மருந்தைத் திரவமாகக் கொடுத்தாலே அவை புயலைக் காட்டின. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், எதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்கள் மட்டும் விழித்தன. அதை வைத்துக்கொண்டு அதே ஆன்டிபாடியை ரஷ்யாவில் மறுபடி தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள், லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி. இந்த முறை யாருக்கும் புயல் வரவில்லை.